ஒரு மணி ஒரு நிமிடம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று நாற்பத்தோரு ஜோடி முடித்தேன். நாற்பது போதும். கடைசி ஒன்று எனக்காகப் போட்டது.

விமான நிலையங்களை இரண்டிரண்டாகச் சேர்ப்பதுதான் ஆபீஸில் எங்கள் வேலை. உலகப் பட்டியலில் குறியீடு உள்ள எந்த இடமானாலும் சரி, அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும். சேர்ந்த புதிதில், இதையெல்லாம் யார் சார் தேடுவாங்க என்று கேட்டேன். "யாராவது தேடுவாங்கம்மா. தேடும்போது நம்ம பக்கம் இருக்கணும். டெம்ப்ளேட்ல இருக்கு பாருங்க," என்றார் மேற்பார்வையாளர். எதைக் கேட்டாலும் அவர் அதையே சொல்வதால் அவர் பெயரே டெம்ப்ளேட் சார் என்றாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் கண்ணாடி அக்கா இதைக் கல்யாண புரோக்கர் வேலை என்பாள். "பொண்ணும் மாப்பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல. பொருத்தம் மட்டும் நாம எழுதிட்டோம்."

தூரத்தைக் கணினியே நேர்கோட்டில் அளந்து தந்துவிடும். நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தூரத்தை எண்ணூறால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்ட வேண்டும். எந்த விமானம், எந்த மலை, காற்று எப்படி — ஒன்றும் கிடையாது.

இன்றைய நாற்பத்தோராவது ஜோடி: எங்கள் ஊரும் அப்பா வேலை செய்யும் கல்குவாரியும். இரண்டுக்கும் குறியீடு இருக்கிறது என்பதே இன்றுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் அதைப் பிளேன் கிரவுண்டு என்போம். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் அங்கே ரிவர்ஸ் எடுக்கப் பழக்குவார்கள். குவாரியில் இருப்பது மண் ஓடுபாதை. மாதத்தில் இரண்டு தடவை மேனேஜர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சின்ன விமானம் வந்து போகும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பதினொரு வருஷமாக அங்கே ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவார், லாரியில் கொஞ்சம், பஸ்ஸில் கொஞ்சம், மலையைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை நாள்.

412 கிலோமீட்டர். ஒரு மணி ஒரு நிமிடம்.

பக்கத்தின் அடியில், 'இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே விமான சேவை இல்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். அரை மணிக்குள் டெம்ப்ளேட் சார் வந்து நின்றார். "இல்லைன்னு எழுதினா படிக்கிறவன் மூடிட்டுப் போயிடுவான். கீழ டிக்கெட் தேடற பொத்தான் எதுக்கு வெச்சிருக்கோம்?"

அழித்துவிட்டேன். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. 'சரி சார்' என்று சொல்வதற்கே இரண்டு முறை தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பா போன் செய்தார். குவாரி ஆபீஸ் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல், அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பேச்சு. ஸ்பீக்கரில் போட்டு அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். நான் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஒரு மணி ஒரு நிமிஷமா? அந்த ஒரு நிமிஷம் எதுக்கு பாப்பா?"

"கணக்குல அப்படி வருதுப்பா."

"நான் ஷேவிங் பண்ணி முடிக்கறதுக்குள்ள வந்து சேர்ந்துடலாம் போலிருக்கே. அப்ப அடுத்த தடவை பிளேன்தான். உங்கம்மாவை பிளேன் கிரவுண்டுல வந்து நிக்கச் சொல்லு."

"நிக்கறேன், நிக்கறேன். லாட்ஜ்ல இருபது ரூம் யாரு பெருக்கறதாம்," என்றாள் அம்மா.

சேவை கிடையாதுப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் சிரிப்பு, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகிற மாதிரி இரண்டு தடவை விட்டுவிட்டுக் கிளம்பும். விளையாட்டுக்குத்தானே சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தை அனுப்பு, இங்கே எல்லாருக்கும் காட்டணும் என்றார். திரையைப் படம் எடுத்து அனுப்பினேன்.

மார்ச் 16, ஞாயிறு

கேன்டீனில் அத்தனை பேருக்கும் காட்டியாகிவிட்டதாம். "எம்பொண்ணு எழுதினதுன்னு சொன்னேன். ஃபோர்மேன் நம்பல. உம்பேர் ஏன் போடல?" எங்கள் பெயரெல்லாம் போட மாட்டார்கள் என்றேன். அது அநியாயம் என்றார்.

மார்ச் 27, வியாழன்

கண்ணை மூடினாலும் ஜோடிகள் ஓடுகின்றன. பனித் தீவு ஒன்று, பாலைவனம் ஒன்று. இரண்டிலும் மொத்தமே முந்நூறு பேர்தான் இருப்பார்கள். ஏழு மணி நாற்பது நிமிடம். ஒரு ஆள்கூட இதில் ஏறியதில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவள் செய்கிற வேலை இது. அம்மா லாட்ஜில் சொல்லி வைத்திருக்கிறாள்: "எம்பொண்ணு ஏரோப்பிளேன் ஆபீஸ்ல இருக்கா."

ஏப்ரல் 3, வியாழன் — பஸ்ஸில்

நேற்று மாலை லாரிக்கார மாமா போன் செய்தார். மாமா என்றால் உறவு இல்லை, குவாரியில் கல் லாரி ஓட்டுகிறவர், அப்பாவுக்கு அங்கே அவர்தான் எல்லாம். அப்பாவுக்கு முந்தாநாள் ராத்திரியிலிருந்து வயிற்று வலியாம். குடல்வால் வெடித்துவிட்டதாம். குவாரியிலிருந்து ஐந்து மணி நேரம் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உடனே கிளம்பி வாங்க என்றார்.

ராத்திரி எட்டரைக்குப் பஸ் ஏறினோம். காலையில் வேறு பஸ். போய்ச் சேர இருபத்தேழு மணி நேரம் ஆகும் என்கிறார் கண்டக்டர்.

பதினோராவது மணி. அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை.

பதினாறாவது மணி. மலைக்கு இந்தப் பக்கம் டயர் மாற்ற நிறுத்தினார்கள். இந்த மலைக்கு நேர் மேலே கோடு போட்டால்தான் 412.

மதியம் மணி 3.20. மாமா போன்.

அம்மா விழித்துவிட்டாள். "என்னவாம்?" என்றாள். "ஆபரேஷன் முடிஞ்சுதாம்," என்றேன். அது பொய்யில்லை. முடிஞ்சுது. எல்லாமே முடிஞ்சுது. அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அப்பாடா என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு. நான் இதை எப்படி வெச்சுக்கிட்டு உட்காருவேன். சொல்லணும். இந்த பஸ்ல, இத்தனை பேர் நடுவுல எப்படிச் சொல்ல.

ஏப்ரல் 10, வியாழன்

ஒரு வாரம்.

சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மாமா நின்ற விதத்தைப் பார்த்து அம்மாவே தெரிந்துகொண்டாள். பஸ்ஸில் எனக்குத் தெரிந்திருந்தது என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். "காலையிலயே கொண்டுவந்திருந்தா…" என்று ஆரம்பித்து, அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எந்தக் காலை? புதன் காலை அப்பா எங்கே இருந்தார்? மாமாவிடம் கேட்டேன். "அப்புறம் பேசலாம்மா," என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மாமா வந்தார். அப்பாவின் பெட்டி, ஸ்பேனர் பை, போன் எல்லாவற்றையும் கொண்டுவந்தார். பெரியப்பாவும் இருந்தார். அப்பாவின் அண்ணன், வாடகை வேன் ஓட்டுகிறவர், இப்போது வீட்டில் எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்கிறார்.

மாமா நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கே நான் இதை வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

"புதன் காலைல ஆறு மணிக்கே நான் லாரியோட ரெடி. வா ஆஸ்பத்திரிக்குன்னு கூப்பிட்டேன். அஞ்சு மணி நேரம் இந்தக் கல்லு ரோட்டுல குலுங்கினா உசுரு போயிடும்டான்னாரு. பிளேன்ல ஒரு மணி நேரத்துல எங்க ஊருக்கே போயிடலாம், அங்க எம்பொண்ணு இருக்கா, டாக்டர்கிட்ட பேசிக்குவான்னாரு. அன்னிக்கு மேனேஜர் பிளேன் வர்ற முறைதான். சரின்னு ஏழு மணிக்கு ஓடுபாதைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க வாட்ச்மேன், ஐயா இந்த பிளேன் அங்கெல்லாம் போகாது, ஆளுங்களையும் ஏத்தாதுன்னாரு. உங்க வீட்டுக்காரர் கேக்கல. போனை எடுத்துக் காட்டினாரு. எழுத்துல இருக்கு பாருங்க, எம்பொண்ணு பட்டப்படிப்பு படிச்சவ, அவளே எழுதினது, தப்பா இருக்காதுன்னாரு."

பெரியப்பா என்னைப் பார்த்தார். பெருமையாகத்தான் பார்த்தார்.

"அதுல டிக்கெட்டுன்னு ஒரு பொத்தான் இருந்துச்சு. அதை அமுக்கிக்கிட்டே இருந்தாரு. நானும் அமுக்கிப் பார்த்தேன். ஒண்ணும் வரல. சிக்னல் இல்லல்ல, அதான்னு நெனச்சோம். ரெண்டு மணி வரைக்கும் பார்த்தோம். பிளேன் அன்னிக்கு வரவே இல்ல. அதுக்கப்புறம் அவரால உட்கார முடியல. லாரில ஏத்திட்டேன்."

நான் அனுப்பியது படம். வெறும் படம். பத்து ஹார்ஸ்பவர் மோட்டாரின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்கிறவர், ஒரு படத்தில் இருந்த பொத்தானை ஏழு மணி நேரம் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா ஸ்பேனர் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம், "பிளேன் இருந்திருக்கு. அந்த வாட்ச்மேன் ஏத்த மாட்டேன்னுட்டான்," என்றாள்.

"எழுத்துல இருக்கும்போது எப்படி இல்லைங்கறான்?" என்றார் பெரியப்பா. "மேனேஜருக்கு மட்டும்தான் பிளேனா? விடக் கூடாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லலை? என் நாக்குக்கு என்ன வந்துச்சு?

ஏப்ரல் 21, திங்கள்

ஆபீஸ். அந்தப் பக்கத்தைத் திறந்து, 'சேவை இல்லை' என்று மறுபடி எழுதினேன். மதியத்துக்குள் போய்விட்டது. திரும்ப எழுதினேன். நாலு மணிக்கு டெம்ப்ளேட் சாரிடமிருந்து செய்தி: 'டெம்ப்ளேட்டைப் பின்பற்றவும்.' அப்பா இறந்துவிட்டார் என்று அவருக்குத் தெரியும். எதனால் என்று தெரியாது.

கண்ணாடி அக்காவிடம் மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எழுதலைன்னா இந்த நாற்காலியில இன்னொருத்தி அதையேதான் எழுதியிருப்பா," என்றாள்.

இன்னொருத்தி எழுதியிருந்தால் அப்பா வாட்ச்மேன் பேச்சைக் கேட்டிருப்பார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மனு எழுதியாகிவிட்டது. குவாரி கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு. பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் சொன்னதைவிட நன்றாகவே எழுதினேன், அதுதான் கேவலம். 'விமான வசதி இருந்தும், ஓடுபாதைக் காவலர் வேண்டுமென்றே மறைத்து, உயிர் காக்கும் ஏழு மணி நேரத்தை வீணடித்தார்.' ஒரு இடத்தில் கமா சரியாக விழவில்லை என்று திருத்தி எழுதினேன். கமாவைத் திருத்தினேன்.

"அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வை. சாட்சி," என்றார் பெரியப்பா.

அம்மா படிக்கத் தெரியாதவள். கையெழுத்து மட்டும் போடுவாள். எங்கே என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். போட்டாள்.

மே 8, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கே ஒரு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

மே 20, செவ்வாய்

கம்பெனியிடமிருந்து பதில். வருந்துகிறார்களாம். தகவலைச் சரியாகத் தெரிவிக்காததற்காக ஓடுபாதைக் காவலர் பணியிலிருந்து நீக்கப்பட்டாராம்.

படித்துக் காட்டினேன். அம்மா சந்தோஷப்படவில்லை. "அவனுக்கும் தெரியட்டும்," என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போய்விட்டாள்.

மே 25, ஞாயிறு

மாமா போன் செய்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன்.

"மனுவுல நீங்க இப்படி எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. அந்த மனுஷன் என்ன பண்ணினாரு? உங்கப்பாவுக்கு நிழல்ல தன்னோட பாயைப் போட்டாரு. துணியை நனைச்சு நெத்தியில வெச்சாரு. நூறு தடவை சொன்னாரு, போயிடுங்கய்யா, இங்க காத்திருக்காதீங்கய்யான்னு. இப்ப குடும்பத்தோட ரூமைக் காலி பண்ணிட்டு நிக்கறாரு. உங்கம்மாகிட்ட குடு."

அம்மா வெளியே போயிருக்கிறாள் என்றேன். அப்புறம் கூப்பிடச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

என் பொய்கள் எல்லாம் சின்னச் சின்னவை. வாயைத் திறந்து நான் பெரிய பொய் ஒன்றுகூடச் சொன்னதில்லை.

மே 29, வியாழன்

அம்மா சமையலறைக்குள் போகும்போதெல்லாம் பின்னாலேயே போகிறேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன். "உனக்கு என்னடி அவ்வளவு தாகம்?" என்று கேட்டாள்.

ஜூன் 3, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், முகத்தைப் பார்த்தால் முடிந்திருக்காது. அங்கிருந்து இங்கே விமானமே கிடையாதும்மா. எப்பவும் கிடையாது. ஒரு மணி ஒரு நிமிஷம்ங்கறது சும்மா வகுத்துப் போட்ட கணக்கு. எனக்கு அன்னிக்கே தெரியும். இல்லைன்னு எழுதினேன், அழிக்கச் சொன்னாங்க, அழிச்சிட்டேன். அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கணும், சொல்லலை. வாட்ச்மேன் சொன்னதுதான் உண்மை. பஸ்ஸில் மூணு இருபதுக்கு எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். ஒன்று வெளியே வந்ததும் எல்லாம் வந்துவிட்டது.

அம்மா குழாயை மூடினாள். கையிலிருந்த கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தப் பொத்தானை அமுக்கிக்கிட்டே இருந்தாரே," என்றாள். "அது வேலை செய்யாதுன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா."

தலையை ஆட்டினாள். மறுபடி குழாயைத் திறந்தாள்.

அடிப்பாள், கத்துவாள் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் போனேன்.

ஜூன் 5, வியாழன்

வேலையை விட்டுவிட்டேன். "நோட்டீஸ் காலம் ஒரு மாசம், டெம்ப்ளேட்ல இருக்கு பாருங்க," என்றார் டெம்ப்ளேட் சார். கண்ணாடி அக்கா அழுதாள். கிளம்பும் முன்பு ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இருக்கிறது. பொத்தானோடு.

ஜூன் 8, ஞாயிறு

பெரியப்பாவுக்கும் தெரிந்துவிட்டது, நானே சொன்னேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். இப்பப் போய் மாத்திச் சொன்னா உன் தலையிலதான் விழும். ஊர்ல என்ன பேசுவாங்க? பெத்த அப்பனை இவளே… யோசிச்சுப் பாரு. அந்த ஆளுக்கு வேற எங்கயாவது வேலை கிடைக்கும்."

அம்மா உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். வெளியே வரவில்லை. என்னோடு பேசி ஐந்து நாள் ஆகிறது. சாப்பாட்டை எடுத்து வைக்கிறாள். தட்டு தரையில் தொடும் சத்தம்தான் 'சாப்பிடு' என்று அர்த்தம்.

ஜூன் 11, புதன்

பேசவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அப்பாவின் போனுக்குச் சார்ஜ் போட்டேன். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார் போல, திறந்ததும் என் எழுத்து திரை முழுக்க வருகிறது. மூடிவிட்டேன். இதையெல்லாம் சொன்ன பிறகு மனசு லேசாகும் என்று எங்கே படித்தேன்? ஆகவில்லை. முன்பு பயம் இருந்தது. பயம் இருந்தவரை செய்வதற்கு ஒரு வேலையாவது இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா காலையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எழுது," என்றாள். "அந்த ஆளுக்கு வேலை திரும்பக் கிடைக்கணும்."

பன்னிரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

எழுதினேன். முந்தைய மனுவில் இருந்தது தவறு, காவலர் சொன்னது உண்மை, அவர் நோயாளியைக் கவனித்துக்கொண்டார், திரும்பிப் போகச் சொன்னார். விமானம் உண்டு என்ற எண்ணத்தை உண்டாக்கிய பக்கத்தை எழுதியவள் நான், இறந்தவரின் மகள். எந்த அலங்காரமும் சேர்க்கவில்லை. அம்மா எதிரே உட்கார்ந்து என் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"படி."

படித்தேன்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன். கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தேன். அம்மா தாளை என் விரலுக்கு அடியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். எங்கள் வீட்டுக்குக் கீழே மருந்துக்கடை. நான் படிக்கட்டு வரை போய் நின்றேன்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க தம்பி," என்று கேட்டாள்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார். நடுவில், 'நான், இறந்தவரின் மகள்' என்ற இடத்தில் நிறுத்தி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். மேலே படிங்க என்றாள். அவர் முடிக்கும் வரை படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதற்கப்புறம்தான் அம்மா அவரிடமே பேனா வாங்கி, எங்கே போடுவது என்று அவரையே கேட்டு, கையெழுத்துப் போட்டாள்.